பழைய தாளிலிருந்து மையை எடுத்த கதை



சென்ற மழையின்போது நம் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த பழைய பேப்பர் மூட்டைகளில் ஒன்று நனைந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை அதைப் பிரித்து மொட்டை மாடியில் காயப் போட்டபோது ஒன்றைக் கவனித்தேன். செய்தித்தாள்கள் தொப்பலாக நனைந்திருந்தும் எழுத்துகள் அப்படியே இருந்தன. ஜெராக்ஸ் எடுத்த தாள்களும் தெளிவாகவே இருந்தன. ஆனால் வீட்டு பிரிண்டரில் எடுத்த பள்ளிக்கூட புராஜெக்ட் தாள்கள் மட்டும் சாயம் போய், நீலமும் சிவப்பும் பக்கத்திலிருந்த வெள்ளை நோட்டுத் தாள்களில் ஊறியிருந்தன.

பேப்பர் எடைக்கு எடுக்க வருபவர் பார்த்துவிட்டு, "சார், இது ஒயிட் கணக்குல வராது, கலர்ல போட்டுக்கங்க" என்று ஒதுக்கிவிட்டார். பழைய பேப்பர் விற்ற பணத்தில்தான் தூய்மைப் பணியாளர்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். அதனால் இழப்பு சிறியது என்றாலும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தண்ணீர் பட்டாலே கரைந்து ஓடுகிற மைதானே இது? பேப்பர் ஆலைக்காரர்களுக்கு இதை எடுப்பதுதானே மிகச் சுலபமாக இருக்க வேண்டும்? படித்துப் பார்த்தபோது விஷயம் நேர்மாறாக இருந்தது. தண்ணீரில் கரையாத செய்தித்தாள் மையை எடுப்பது ஆலைக்கு எளிது. தண்ணீரில் கரையும் இங்க்ஜெட் மைதான் தலைவலி. ஏன் என்பதற்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

எடுக்க முடியாத கரி

அச்சு வருவதற்கு முன்பு உலகின் பல பகுதிகளில் மை, விளக்குக் கரியால் ஆனது. நம் ஊரில் எழுத்தாணியால் ஓலையில் கீறியபின், எழுத்து தெரிவதற்காகக் கரியைத் தடவித் துடைத்தார்கள். கீழை நாடுகளில் அதே விளக்குக் கரியைப் பசையோடு குழைத்துக் கட்டியாக்கி, தேவைப்படும்போது நீரில் உரைத்துத் தூரிகையால் தாளில் எழுதினார்கள்.

பழைய தாளைக் கூழாக்கி மீண்டும் தாள் செய்யும் பழக்கம் ஜப்பானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 9-ஆம் நூற்றாண்டில் செய்வா என்ற பேரரசர் மறைந்தபின், அவர் எழுதிய கடிதங்களைக் கூழாக்கிப் புதுத் தாளாக்கி, அதில் பௌத்த சூத்திரத்தை எழுதச் செய்தார் அரண்மனைப் பெண்மணி ஒருவர். பிறகு அரசின் தாள் பட்டறையிலேயே இப்படிப்பட்ட தாள் செய்யப்பட்டது. அதற்கு 'ஷுகுஷி' என்று பெயர்.

அந்தத் தாள் வெள்ளையாக இருக்காது, சாம்பல் நிறத்தில் இருக்கும். கரி மையை நாரிலிருந்து பிரிக்க அவர்களுக்கு வழியில்லை. மை கலந்த கூழை அப்படியே தாளாக்கினார்கள். அரச ஆணைகளே அந்தச் சாம்பல் தாளில் எழுதப்பட்டன. அப்படியானால் பழைய தாளை மீண்டும் தாளாக்குவது பழைய வித்தை. பழைய தாளை மீண்டும் வெள்ளைத் தாளாக்குவதுதான் புதிய வித்தை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கந்தல் தட்டுப்பாடு

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் தாள் செய்ய மரம் பயன்படவில்லை. கந்தல் துணிதான் மூலப்பொருள். புத்தகமும் செய்தித்தாளும் பெருகப் பெருகக் கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்தது. தாள் பஞ்சம் நம் பக்கத்துக்கும் புதிதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் நடத்தியபோது தாள் கிடைக்காமல் திண்டாடி, பக்கத்தில் பொறையாரில் ஒரு தாள் பட்டறையே தொடங்கினார்கள்.

1774-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் யூஸ்டுஸ் கிளாப்ரோட் என்ற சட்டப் பேராசிரியர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அச்சிட்ட தாளிலிருந்து மையை முழுவதும் கழுவி எடுத்துப் புதுத் தாள் செய்யும் வழியைப் பற்றியது அது. மை நீக்கம் பற்றி அச்சில் வந்த முதல் நூலாக இதைத்தான் சொல்கிறார்கள். எழுதியவர் ஆலைக்காரர் அல்ல, வக்கீல் படிப்பு சொல்லிக்கொடுத்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நம்மைப் போலவே தாள் வீணாவதைப் பார்த்து வருத்தப்பட்டவராக இருந்திருப்பார்.

அடுத்து 1800-ல் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர், எழுதிய, அச்சிட்ட தாள்களிலிருந்து மையை எடுத்து மீண்டும் தாளாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். லண்டனின் பெர்மாண்ட்ஸி பகுதியில் ஆலை நடத்தினார். தாளின் வரலாறு பற்றி ஒரு நூல் எழுதி, முதல் பதிப்பை வைக்கோல் தாளிலும், 1801-ல் வந்த இரண்டாம் பதிப்பை மை நீக்கிச் செய்த தாளிலும் அச்சிட்டார். செய்ய முடியும் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. ஆனால் ஆலையைப் பெரிதாக்கப் போய்க் கடனில் மூழ்கித் திவாலானார். சில பத்தாண்டுகளில் மரக்கூழ் வந்து தாள் மலிவானது. பழைய தாளிலிருந்து மையை எடுக்கும் கவலை யாருக்கும் பெரிதாக இல்லாமல் போயிற்று.

மோர் கடைவது போல

மை நீக்கம் பெரும் தொழிலாக மாறியது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கான வழி சுரங்கத் தொழிலிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தில், பொடித்த தாதுவைத் தண்ணீரில் கலக்கிக் காற்றுக் குமிழிகளை விட்டால், தேவையான உலோகத் துகள்கள் குமிழியில் ஒட்டி மேலே வரும் என்பதை அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். 1950-களில் அதே முறையைத் தாள் கூழுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் வீட்டில் மோர் கடைவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். தயிரில் இருக்கும் கொழுப்புக்குத் தண்ணீர் பிடிக்காது. கடையும்போது அது ஒன்றோடொன்று சேர்ந்து வெண்ணெயாக மேலே வருகிறது. நாம் வழித்து எடுக்கிறோம்.

செய்தித்தாள் மையும் அப்படித்தான். அது கரித் துகளும் எண்ணெயும் சேர்ந்தது. ஆலையில் பழைய தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் காஸ்டிக் சோடா, சோப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குவார்கள். நார் ஊதிப் பருத்து, ஒட்டியிருந்த மை கழன்றுகொள்ளும். எண்ணெய் கலந்த அந்தத் துகள்களுக்குத் தண்ணீர் பிடிக்காது. அடியிலிருந்து காற்றை விட்டால் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வந்துவிடும். கறுப்பு நுரையை வழித்து எடுத்தால் கீழே வெளுத்த கூழ் நிற்கும்.

ஜெராக்ஸ், லேசர் பிரிண்டர் இரண்டிலும் இருப்பது டோனர் என்ற பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகித் தாளின் மேல் படிந்திருக்கும். அதற்கும் தண்ணீர் பிடிக்காது. சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். பெரிய சில்லுகள் மட்டும் சில சமயம் கறுப்புப் புள்ளிகளாகத் தங்கிவிடும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்ட் ஸ்கடர் என்ற பத்திரிகை உரிமையாளர், பழைய செய்தித்தாளிலிருந்தே புதிய செய்தித்தாள் காகிதம் செய்யும் ஆலையை 1961-ல் தொடங்கி லாபகரமாக நடத்திக் காட்டினார். நேற்றைய பேப்பர் நாளைய பேப்பராகும் என்பது அதன்பிறகு வெறும் பேச்சு இல்லை.

நம் மாநிலத்தின் கதை

இந்தியாவில் செய்தித்தாள் காகிதம் அந்நாளில் பெரும்பாலும் இறக்குமதிதான். தட்டுப்பாட்டின் காரணமாகப் பத்திரிகைகள் 10 பக்கத்துக்கு மேல் அச்சிடக் கூடாது என்று அரசு விதித்த கட்டுப்பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-ல் ரத்தானது.

இந்தச் சூழலில் 1979-ல் தமிழ்நாடு அரசு டி.என்.பி.எல். என்று நாம் சொல்லும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. கரூருக்கு அருகில் புகளூர்ப் பக்கம் அமைந்த ஆலையைச் சுற்றி உருவான ஊருக்குக் காகிதபுரம் என்றே பெயர். 1984-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்குச் சக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் கொதிகலனில் எரிக்கும். அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நீராவிக்கோ எரிபொருளுக்கோ ஏற்பாடு செய்து கொடுத்தது காகித ஆலை.

2010-களின் முற்பகுதியில் அதே காகிதபுரத்தில் நாளொன்றுக்கு 300 டன் திறனுள்ள மை நீக்கும் பிரிவையும் நிறுவினார்கள். கரும்புச் சக்கையோடு பழைய தாளும் மூலப்பொருளாயிற்று. 300 டன் என்றால் சுமார் 30 லாரிச் சுமை. 2016-ல் திருச்சி மாவட்டம் மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் அதே நிறுவனத்தின் அட்டை ஆலை தொடங்கியது. சிறுவாச்சூரிலிருந்து திருச்சி வழியாகப் போனால் இரண்டு ஆலைகளையும் ஒரே நாளில் கடந்துவிடலாம். வெள்ளியும் திங்களும் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வருபவர்களில் அந்தப் பக்கத்துக்காரர்களும் எத்தனையோ பேர். தாள் ஆலை என்பது நமக்கு எங்கோ தூரத்தில் உள்ள விஷயம் அல்ல.

சாலிடரிங் கம்பியிலிருந்து வந்த பிரிண்டர்

இப்போது நம் நனைந்த மூட்டைக்கு வருவோம்.

1977-ல் ஜப்பானின் கேனான் ஆய்வகத்தில், சூடான சாலிடரிங் கம்பி ஒன்று மை நிரப்பிய ஊசியின் மீது தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சியடித்தது. சூட்டினால் ஊசிக்குள் உண்டான ஆவிக் குமிழி மையை வெளியே தள்ளியிருந்தது. அதிலிருந்துதான் 'பபிள் ஜெட்' பிரிண்டர் பிறந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து, 1984-ல் திங்க்ஜெட், 1988-ல் டெஸ்க்ஜெட் பிரிண்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எப்சன் 2010-ல் இந்தோனேசியாவில் முதலில் அறிமுகப்படுத்திய மை டேங்க் பிரிண்டர்கள் நம் நாட்டுக்கும் வந்தபின், பாட்டிலில் மை வாங்கி ஊற்றி வீட்டிலேயே கலர் பிரிண்ட் எடுப்பது மலிவாகிவிட்டது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளின்போது நம் குடியிருப்பிலும் பல வீடுகளுக்கு பிரிண்டர் வந்தது.

தலைமுடியைவிட மெல்லிய துளை வழியாகப் பீய்ச்ச வேண்டிய மை, நீர் போல ஓட வேண்டும். அடைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் இந்த மையின் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் ஒன்று சாயம் கரைந்திருக்கும், அல்லது மிக நுண்ணிய நிறமித் துகள்கள் கலந்திருக்கும். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் எப்போதும் தண்ணீரிலேயே மிதக்கும்படி தயாரிக்கிறார்கள். பிரிண்டருக்கு எது நல்லதோ அதுதான் ஆலைக்குக் கெடுதல்.

மோர் கடையும் உதாரணத்தையே மீண்டும் பாருங்கள். வெண்ணெய் மேலே வரும். ஆனால் மோரில் கரைந்த உப்பை எவ்வளவு கடைந்தாலும் மேலே கொண்டுவர முடியுமா? இங்க்ஜெட் மை அந்த உப்பு போல. குமிழி முறை 10 முதல் 100 மைக்ரான் வரையுள்ள துகள்களுக்கு நன்றாக வேலை செய்யும். இங்க்ஜெட் நிறமித் துகளின் அளவோ ஏறக்குறைய 0.1 மைக்ரான்தான். அதோடு அதற்குத் தண்ணீர் பிடிக்கும். குமிழியில் ஒட்டாது. சாயம் என்றால் துகளே கிடையாது, தண்ணீரோடு தண்ணீராக இருக்கும்.

'அப்படியானால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போகிறது' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காகித ஆலை தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும். காவிரிக் கரையில் இருந்தாலும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. வெளியேற்றும் நீரைச் சுத்திகரித்தாக வேண்டும். காகிதபுரம் ஆலையின் சுத்திகரித்த நீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனமாகப் போகிறது. தண்ணீரில் கலந்த நீலமும் சிவப்பும் அடுத்தடுத்த சுற்றில் வரும் நல்ல நாரையும் சாயமேற்றும். நம் மூட்டையில் நடந்ததுதான் ஆலைத் தொட்டியிலும் பெரிய அளவில் நடக்கும். சலவையின்போது ஒரு சாயம் போகும் சிவப்புத் துணி மற்ற வெள்ளைத் துணிகளையும் கெடுப்பது போல.

வெளுக்கும் ரசாயனங்கள் உண்டு. டைதயோனைட் என்ற உப்பு பல சாயங்களின் நிறத்தைப் போக்கும். எல்லாச் சாயத்துக்கும் அது வேலை செய்யாது. கறுப்பு இங்க்ஜெட் மையில் இருப்பது பெரும்பாலும் கரித் துகள். கரியை எந்த ரசாயனமும் வெளுக்காது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியப் பட்டறைக்காரர்கள் நின்ற அதே இடத்தில் நாமும் வந்து நிற்கிறோம்.

எச்சரிக்கையும் பதிலும்

1989-ல் ஐரோப்பாவின் மை நீக்கும் ஆலைகள் சேர்ந்து இங்கெடே என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அச்சிட்ட தாளிலிருந்து மை எவ்வளவு போகிறது என்று அளக்கும் ஆய்வுக்கூட முறையை அவர்கள் வகுத்தார்கள். 2008-ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடந்த ட்ரூபா அச்சுக் கண்காட்சியில், வீட்டு பிரிண்டர் அளவில் இருந்த இங்க்ஜெட் பெரிய அச்சு இயந்திரங்களாக வந்து நின்றது. புத்தகம், செய்தித்தாள், பில் எல்லாம் இனி இதில்தான் என்று பேச்சு எழுந்தது. மை நீக்கும் ஆலைகள் அப்போதே எச்சரித்தன: வீட்டுத் தாள்கள் சிறு அளவில் வந்தவரை சமாளித்தோம், செய்தித்தாளே இந்த மையில் வந்தால் பழைய தாள் குவியல் முழுவதும் கெடும் என்று.

இயந்திரம் செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. தாளின் மேற்பரப்பில் கால்சியம் உப்பைச் சேர்த்தால், மைத்துகள் உள்ளே இறங்காமல் மேலேயே திரண்டு நின்றுவிடும். பால் திரிவது போலத்தான். பிரிண்டும் பளிச்சென்று வரும், சீக்கிரம் காயும், பிறகு மையை எடுப்பதும் ஓரளவு எளிதாகும். சில ஏ-4 தாள் பாக்கெட்டுகளில் 'கலர்லாக்' என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வகைத் தாள்தான். மையைத் தயாரிக்கும்போதே அது எப்படி நீங்கும் என்று யோசிக்கும் பழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

கிளாப்ரோட்டும் கூப்ஸும் இருந்த மையை எப்படி எடுப்பது என்று பார்த்தார்கள். இன்று, எடுக்கக் கூடிய மையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அச்சிடுபவர் கையில் இருக்கிறது. நம் வீட்டில் பிரிண்ட் பட்டனை அழுத்தும் நாமும் அதில் சேர்த்திதான்.

நாம் செய்யக் கூடியது

ஒரு நார் ஐந்தாறு முறையாவது தாளாகப் பிறக்க முடியும் என்கிறார்கள். வெள்ளைக் குவியலில் போனால் மீண்டும் எழுதும் தாளாகலாம். கலப்படக் குவியலில் போனால் அட்டையாகிவிடும். அட்டையின் நடு அடுக்குக்கு வெண்மை தேவையில்லை, அதனால் கலர் தாளும் வீணாகாது. அந்தப் பிரிவினையை ஆலையைவிட நம் படிக்கட்டுக்கு அடியில் செய்வதுதான் சுலபம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பேசுவதற்காகச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, மூட்டைகளை நான்காக வைப்போம்: செய்தித்தாள், எழுதிய நோட்டும் ஜெராக்ஸ், லேசர் தாளும், அட்டைப்பெட்டி, நான்காவதாக இங்க்ஜெட் கலர் பிரிண்டும் மற்ற கலர் தாள்களும்.

இரண்டு, மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்போம். தாளுக்கு முதல் எதிரி ஈரம்தான். காய்ந்திருக்கும்வரை இங்க்ஜெட் தாள் பக்கத்துத் தாளை ஒன்றும் செய்யாது.

மூன்று, ஏ.டி.எம். சீட்டு, கடை பில் போன்ற வழவழப்பான சூட்டுத் தாள், லேமினேட் செய்த தாள், எண்ணெய்ப் பலகாரம் சுற்றிய தாள் ஆகியவற்றை எந்தப் பேப்பர் மூட்டையிலும் போட வேண்டாம்.

நான்கு, சங்கத்தின் அறிவிப்புகளை வீட்டுக்கு ஒன்றாகக் கலரில் எடுக்காமல், அறிவிப்புப் பலகைக்கு ஒரே ஒரு ஜெராக்ஸ் போதும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. பெரியவர்கள் தாளில் கேட்டால் அவர்களுக்கு மட்டும் கறுப்பு வெள்ளையில் கொடுப்போம்.

பிள்ளைகளின் புராஜெக்டுக்குக் கலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் அதே பிரிண்டர்தான் இருக்கிறது. நனைந்த மூட்டையில் சாயம் போன தாள்களில் பாதி என் பேத்தியுடையவை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். "தாத்தா, தண்ணியில தானா போற கலரை மெஷின் ஏன் எடுக்க முடியல?" என்று முதலில் கேட்டது அவள்தான். மோரில் உப்பைப் போட்டுக் கடைந்து காட்டினேன். வெண்ணெய் வந்தது, உப்பு வரவில்லை. இப்போது பிரிண்ட் எடுத்த தாளை நான்காவது மூட்டையில் போடுவது அவளுடைய பொறுப்பு.

தீபாவளிக்கு முன் ஒருமுறை பேப்பர் எடைக்குப் போடுவோம். அதுவரை மூட்டைகள் காய்ந்தே இருக்கட்டும்.